ஃபிளின்ட்டிலிருந்து அப்பாவுக்கு

ஃபிளின்ட், மிச்சிகன்
21.12.2008

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

உங்க கடிதம் வியாழக்கிழமை கிடைச்சுதுங்க. நான் நல்லா இருக்கேன். ஆபீஸ்ல கிறிஸ்துமஸுக்குன்னு பொங்கல் வரைக்கும் லீவு விட்டுட்டாங்க. அதனால சாவகாசமா எழுதறேன்.

கார் கம்பெனித் தலைவருங்க தனி விமானத்துல போய் சர்க்கார்கிட்டக் கடன் கேட்டது நெசமான்னு கேட்டிருந்தீங்க. நெசம்தானுங்கப்பா. நவம்பர்ல ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் தலைவருங்க மூணு பேரும் தனித்தனி ஜெட்ல வாஷிங்டன் போனாங்க. ஊரே ஏசுச்சு. டிசம்பர்ல மறுபடி போனப்ப கார்லயே போனாங்க. அப்படியும் 11-ம் தேதி ராத்திரி அந்தக் கடன் மசோதா செனட்ல விழுந்து போச்சு. 52 பேர் ஆதரவு, 35 பேர் எதிர்ப்பு, ஆனா 60 ஓட்டு வேணும். முன்னால நின்னு எதிர்த்தவங்க அலபாமா, டென்னசி செனட்டருங்க. அங்க வெளிநாட்டுக்காரங்க கார் ஆலைங்க இருக்குது. அந்த ஆலைகள்ல குடுக்கற அளவுக்கு இங்கத்துக் கூலியையும் 2009-லயே இறக்கணும்னாங்க. கார்த் தொழிலாளர் சங்கம் அந்தக் கெடுவுக்கு ஒத்துக்கலை. அக்டோபர்ல வங்கிகளுக்குன்னு 70,000 கோடி டாலர் ஒதுக்கினாங்களே, அப்போ வங்கியில கணக்கெழுதறவன் கூலியைக் குறைன்னு ஒருத்தரும் சொன்ன மாதிரி தெரியலை. எனக்கு இன்னும் ஆறலீங்கப்பா. முந்தாநாள்தான் அதிபர் புஷ், அந்தப் பணத்துலிருந்தே ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் 1,740 கோடி டாலர் கடன் தர்றதா அறிவிச்சார்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பத்தி போன்ல சொன்னேனே, அவருக்கு அன்னிக்குத்தான் முகத்துல தெளிச்சி வந்துச்சு. விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு அவர் வாசல் பனியையும் என் வாசல் பனியையும் சேர்த்து வாரிக் கொட்டுவார். என் கார் ஜப்பான் வண்டிங்கறதால அதை மட்டும் தொட மாட்டார். சுத்தி ஒரு முழம் விட்டுட்டு வாருவார். முப்பது வருசம் ஜெனரல் மோட்டார்ஸோட பியூயிக் கார் ஆலையில இருந்தவர். அந்த ஆலையை 1999-ல மூடிட்டாங்க. இப்போ மைல் கணக்குல வெறும் காங்கிரீட் தரை. எழுபதுகள்ல இந்த ஊர்ல ஜெனரல் மோட்டார்ஸ்ல மட்டும் 80,000 பேர் வேலை பாத்தாங்களாம்.

அவர் வீட்டு ஜன்னல் திட்டுல ஒரு துருப்பிடிச்ச கார் கதவுக் கீல் இருக்குது. என் கையில குடுத்தார், நல்ல கனம். அவங்கப்பா 1937-ல அதே கம்பெனியோட ஃபிஷர் பாடி ரெண்டாம் ஆலைக்குள்ள உக்காந்து போராடினவர். ஜனவரி 11-ம் தேதி, இதே மாதிரிக் குளிர்ல, ஹீட்டரை நிறுத்திச் சாப்பாட்டையும் தடுத்திருக்காங்க. போலீஸ் கண்ணீர்ப் புகை போட, உள்ளே இருந்தவங்க தீயணைக்கிற குழாய்த் தண்ணியாலயும் இந்தக் கீலாலயும் அடிச்சு விரட்டியிருக்காங்க. கவர்னர் மர்ஃபி தேசியக் காவல் படையைக் கூப்பிட்டும் தொழிலாளியை வெளியேத்த ஏவலை. போராட்டம் தொடங்கின 44-ம் நாள் கம்பெனி சங்கத்தை ஏத்துக்கிச்சு.

ரிட்டயர் ஆனவங்க வைத்தியச் செலவைக் கம்பெனி எதுக்குச் சுமக்குதுன்னு கேட்டிருந்தீங்களே, அந்தச் சங்கத்துக் கதையிலதான் பதில் இருக்குதுங்கப்பா. யுத்தத்துக்கு அப்புறம் வைத்தியச் செலவையும் ஓய்வூதியத்தையும் சர்க்காரே எல்லாருக்கும் நல்லபடியாச் செய்யணும்னு சங்கத் தலைவர் வால்டர் ராய்தர் கேட்டார். நடக்கலை. அதனால 1950 ஒப்பந்தத்துல கம்பெனிகிட்டயே வாங்கினார். கம்பெனி ஓங்கி இருந்த வரைக்கும் அது பெரிய வெற்றி. இந்தக் கோடையில பெட்ரோல் கேலனுக்கு நாலு டாலரைத் தாண்டி, பெரிய வண்டி விக்காம நின்னுச்சு. செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ்ங்கற பெரிய வங்கி திவாலானதும் கார் வாங்கறவனுக்குக் கடனும் கிடைக்கலை. இப்போ கம்பெனி சாஞ்சா, ரிட்டயர் ஆனவன் வைத்தியச் செலவும் சேர்ந்து சாயும். பெரியவர் மனைவிக்கு மாசாமாசம் மருந்து வேணும். அவர் சர்க்காரைத் திட்டறதில்லை, கம்பெனியையும் திட்டறதில்லை. எனக்குத்தான் தாங்கலை.

அம்மா, சாப்பாட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. அரிசிம்பருப்பு நானே ஆக்கிக்கறேன். கொள்ளுதான் இங்க கிடைக்கலை. மார்கழின்னு நேத்து நாலு மணிக்கே முழிப்பு வந்துடுச்சு. நம்ம கோயில் ஸ்பீக்கரும் மில் சங்கும் கேக்கற நேரம். ஒண்ணும் கேக்கலீங்கம்மா. வெளிச்சம் வர எட்டு மணி ஆச்சு. உங்க குரல் கேக்கணும் போல இருந்துச்சு, ஆனா அங்க சாயங்கால வேலையில இருப்பீங்கன்னு விட்டுட்டேன்.

இந்த மாசப் பணம் கொஞ்சம் பிந்தும். தையில சேர்த்து அனுப்பறேன். பாப்பா கல்யாணப் பேச்சுக்காகத் தோட்டத்தை அடமானம் வைக்கிறதா சின்ன மாமா சொன்னாராம், வேண்டாங்கப்பா. மாப்பிள்ளை வீட்டுல வைகாசிக்கு மேலன்னு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன். மில்லுல மொத்தமா ஒரு தொகை தர்றோம்னு காயிதம் நீட்டினா உடனே கையெழுத்துப் போடாதீங்க. பி.எஃப்., கிராஜுவிட்டி தனித்தனியா எழுத்துல வரட்டும்; சங்கத்து வக்கீல் ஒருக்கா படிச்சுப் பாக்கட்டும். அம்மா முழங்காலுக்குப் படம் எடுத்தாச்சான்னு அக்காவை எழுதச் சொல்லுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பெரியப்பா வீட்டு போனுக்குக் கூப்பிடறேன், எல்லாரும் அங்க வந்துடுங்க.

உங்கள் மகன்