உருளைக்கிழங்கு பீரங்கியும் சட்டமும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். அறிவியல் கண்காட்சிக்காக மாணவர்கள் கொடுத்த திட்டத் தாள்களைப் படித்து முடித்தேன். எதையாவது எறிகிற, சுடுகிற கருவிகள்தான் இந்த முறை அதிகம். பிவிசி குழாயில் உருளைக்கிழங்கைச் செலுத்தும் பீரங்கி, சைக்கிள் பம்பால் காற்றடைத்துச் சுடும் துப்பாக்கி, கவண், 3டி பிரிண்டரில் செய்யப்போகும் கைத்துப்பாக்கி "மாடல்". பிள்ளைகளின் ஆர்வத்தில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இவற்றில் சிலவற்றைச் சட்டம் ஆயுதமாகவே பார்க்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

"நாங்களே செய்தது, யாரையும் சுடப்போவதில்லை, வீடியோவில் எல்லாரும் செய்கிறார்களே" என்பதுதான் மாணவர்கள் என்னிடம் சொன்ன பதில். வீடியோ எடுத்தவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. சிக்கலே அங்கேதான். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டம் வெடிபொருளின் விசையால் சுடுவதைத்தான் துப்பாக்கி என்கிறது. காற்றால் சுடுவது அதில் வராது. ஆனால் அதே நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில் காற்றுத் துப்பாக்கியும் துப்பாக்கிதான். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வெடிபொருளாலோ வேறு வகை ஆற்றலாலோ எதையாவது ஏவும்படி அமைந்த ஆயுதங்களைத் துப்பாக்கி என்று வரையறுக்கிறது. "வேறு வகை ஆற்றல்" என்றால் காற்றும் அதில் அடங்கும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது அங்கே குற்றம். வீட்டில் செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

பிரிட்டனின் வரையறை நம் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும், ஏனென்றால் அது அவர்களின் இயற்பியல் பாடம். 2017இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, குழாய் முனையை விட்டு வெளியேறும் பொருளின் இயக்க ஆற்றல் 1 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) என்ற அளவைத் தாண்டினால் அது உயிராபத்து விளைவிக்கும் ஆயுதம். 1 ஜூல் என்பது 100 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலைதான். 5 கிராம் குண்டு விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போனாலே 1 ஜூல் வந்துவிடும். இப்போது 100 கிராம் உருளைக்கிழங்கு விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 ஜூல்! இங்கிலாந்தில் சான்றிதழ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய காற்றுத் துப்பாக்கிக்கான உச்ச வரம்பே ஏறக்குறைய 16 ஜூல்தான். "வெறும் கிழங்குதானே சார்" என்ற மாணவனை இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னேன். போட்டு முடித்ததும் அவனே சிரித்துவிட்டான்.

கவண் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கவண் தடை செய்யப்பட்ட ஆயுதம். ஆனால் குழந்தை விளையாடுவதற்காக வீட்டில் செய்த கவணுக்கு விலக்கு உண்டு. சட்டம் எழுதியவர்களும் ஒரு காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள்தானே! ஆனால் அதே மாநிலத்தில் 3டி பிரிண்டரில் துப்பாக்கி அச்சிடுவதற்கான வரைபடக் கோப்பை வைத்திருப்பதே 2015 முதல் குற்றம். அச்சிட வேண்டாம், கணினியில் கோப்பு கிடந்தாலே போதும். சுடாத மாதிரியும் தப்பாது: அசல் துப்பாக்கி போலத் தோன்றும் போலியைத் தயாரிப்பதை பிரிட்டன் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றமாக்கியது. ஆகவே அந்தக் கைத்துப்பாக்கி "மாடல்" திட்டத்தை நான் ஏற்கவில்லை.

சின்னப் பையன்தானே, யார் கேஸ் போடப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். குற்றப் பொறுப்பு தொடங்கும் வயது ஜெர்மனியில் 14, இங்கிலாந்தில் 10. நாம் இருக்கும் இடத்தில் என்ன விதி என்பதைக் காவல் நிலையத்திலோ ஒரு வழக்கறிஞரிடமோ நேராகக் கேட்டுவிடுங்கள். இணையத்தில் யாரோ சொன்ன பதிலை நம்பி எதையும் செய்ய வேண்டாம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்தக் குழாய். பிவிசி குழாய் தண்ணீருக்காகச் செய்தது. தண்ணீர் அழுத்தத்தில் சுருங்காது என்பதால் குழாய் வெடித்தாலும் பீய்ச்சியடிப்பதோடு நிற்கும். காற்று அப்படியல்ல, சுருங்கி ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். குழாய் உடையும்போது அது மொத்தமும் ஒரே நொடியில் வெளியேறி, பிளாஸ்டிக் சில்லுகளை நாலா பக்கமும் வீசும். ஸ்ப்ரே அடித்து லைட்டரால் பற்றவைக்கும் வகை இன்னும் மோசம். அதில் சுடுகிறவரின் முகம்தான் குழாய்க்கு மிக அருகில் இருக்கும். கண்ணில் பலமான அடி பட்டால் உள்ளே ரத்தம் கசியலாம். வெளியே காயமே தெரியாமல் இருந்து, பல ஆண்டுகள் கழித்துக் கண் அழுத்த நோய் (குளுக்கோமா) வருவதும் உண்டு.

சரி, எதைத்தான் செய்வது? பஞ்சுப் பந்தோ காகிதப் பந்தோ எறியும் கவண்பொறி செய்யலாம், கோணத்தை மாற்றித் தூரத்தை அளக்கலாம். தண்ணீர் ராக்கெட்டுக்கும் அனுமதி உண்டு. சோடா பாட்டில் அழுத்தம் தாங்கவே செய்யப்பட்டது. ஆனாலும் காற்றடைப்பதும் ஏவுவதும் ஆசிரியர் கையால், மைதானத்தில் மட்டும். தீ, ஸ்ப்ரே, கார்பைடு (தண்ணீர் பட்டால் எரிவாயு விடும் கல்), காற்றடைத்த பிளாஸ்டிக் குழாய், துப்பாக்கி வடிவம் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. இதில் பேரம் பேச வர வேண்டாம்.

பாதி செய்து முடித்த கருவி ஏதாவது வீட்டில் இருந்தால், பிள்ளையின் பையில் வைத்து "சாரிடம் காட்டு" என்று அனுப்பிவிடாதீர்கள். பொது இடத்தில் எடுத்துச் செல்வதே தனிக் குற்றமாகலாம். அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அலுவலகத்துக்கு போன் செய்யுங்கள். என்ன செய்வது என்று பேசி முடிவெடுப்போம். திட்டத்தை மாற்ற வேண்டிய மாணவர்களுக்குப் புதிய தாள் கொடுத்திருக்கிறோம். வரும் வெள்ளிக்குள் உங்கள் கையொப்பத்தோடு வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்