ஐ7-க்குப் பதில் ஐ7

மதுரை,
15 அக்டோபர் 2023

அன்புள்ள சேகர்,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தப்புதான், மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பரை அவரே படிக்கிறார். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இன்னும் லிஃப்டை விட்டுவிட்டு நாலு மாடி ஏறிக்கொண்டிருந்தால் அக்காவிடம் சொல்லிவிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2018 டிசம்பரில் சென்னை ரிச்சி தெருவில் நாள் முழுக்க அலைந்து, "கனமா இருந்தாலும் உழைக்கும், எடு" என்று நீ கைகாட்டிய லேப்டாப் போய்விட்டது. மதர்போர்டு. ஐந்து வருட உத்தரவாதம் முடிய இரண்டு மாதம் இருந்தது, அதுவரைக்கும் நல்ல காலம். அந்தப் போர்டு இப்போது கிடைக்காதாம். அதனால் 'சமமான அல்லது மேலான' வேறொன்றைத் தருகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் புதிதாக ஒரு லேப்டாப்பை அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும்.

பழையதில் இருந்த இன்டெல் பிராசசர் சிப் ஐ7-8750ஹெச். வந்திருப்பதில் ஐ7-1255யு. கம்பெனியிலிருந்து போனில் பேசிய பையன் பொறுமையாக விளக்கினான்: "ஐ7-க்கு ஐ7தான் சார். எட்டாம் தலைமுறைக்குப் பதில் பன்னிரண்டாம் தலைமுறை, ஆறு கோருக்குப் பதில் பத்து கோர், வேகமும் 4.1 கிகாஹெர்ட்ஸுக்குப் பதில் 4.7." அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. எனக்கே கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கடைசி எழுத்தைப் பார்த்தேன். ஹெச் இருந்த இடத்தில் யு. முன்னது 45 வாட் மின்சாரத்தில் ஓடும் வேக வகை, பின்னது 15 வாட் சிக்கன வகை. கோர் என்பது சிப்புக்குள் கணக்குப் போடும் மூளை மாதிரி. பத்து கோர் என்றாலும் அதில் முழு பலம் உள்ளவை இரண்டுதான், மீதி எட்டும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் சின்ன கோர்கள். பழையதில் ஆறும் முழு கோர். த்ரெட் கணக்கு, அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள், இரண்டிலும் பன்னிரண்டு.

ஆனால் எழுத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை. நாலு வருட இடைவெளியில் ஒவ்வொரு கோரும் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. அதனால் என் வேலையையே கொடுத்துப் பார்த்தேன். பெரியவர் வீட்டுச் சிறுபத்திரிகைகளின் பக்கப் படங்களை, சொல் வைத்துத் தேடக்கூடிய எழுத்தாக மாற்ற, டெசரக்ட் என்ற மென்பொருளில் ஓசிஆர் செய்கிறேன் அல்லவா, அதில் ஒரே 200 பக்கத்தைப் பழைய லேப்டாப்பில் பலமுறை ஓட்டி நேரத்தை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். டெசரக்ட் தானாகவே ஒரு பக்கத்துக்கு நாலு த்ரெட் வரை எடுத்துக்கொள்ளும். அதை ஒன்றாகக் குறைத்துவிட்டுப் பல பக்கங்களைச் சேர்த்து ஓடவிட்டால்தான் எல்லா கோரும் ஒழுங்காக வேலை செய்யும்.

ஒரே ஒரு பக்கம் கொடுத்தேன். பழையதில் 28 விநாடி, இதில் 17. அசந்துபோனேன். உனக்குப் போன் செய்து 'நல்லதாகவே வந்திருக்கிறது' என்று சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு 200 பக்கத்தையும் விட்டேன். முதல் சில பக்கங்கள் பறந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வேகம் 2 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. இந்தச் சிப் 55 வாட் வரை குடித்து ஓடும், ஆனால் கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகு தயாரித்தவர்கள் வைத்த எல்லைக்குள் அடங்கிவிடும். 200 பக்கம் முடிய 24 நிமிடம். பழையதில் 18.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். சார்ஜரைச் செருகி, பவர் செட்டிங்கை மேலே வைத்துத்தான் ஓட்டினேன். ஆறு, எட்டு, பத்து பக்கம் என்று சேர்த்து ஓட்டிப் பார்த்ததில் மிகக் குறைந்த நேரம்தான் அந்த 24. ரேம் ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி இருந்தது, தம்பியிடம் இன்னொன்று வாங்கிப் போட்டேன். நேரம் ஒரு நிமிடம்தான் குறைந்து 23 ஆனது.

மகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. சட்டென்று திறக்கிறது, சத்தமே இல்லை, மடியில் வைத்தால் சுடவில்லை. பாட்டரியும் நிற்கிறது. படிக்கிற பிள்ளைக்கு நானே இதைத்தான் வாங்கித் தருவேன். ஆனால் என்னிடம் 60,000 பக்கம் இருக்கிறது, சேகர். பழைய வேகத்தில் ஒரு தடவை ஓட்டவே 90 மணி நேரம், இதில் 115. ஒரு தடவையோடும் முடிவதில்லை. கறை படிந்த பக்கங்களைச் சரிசெய்து திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். பெரியவருக்கு 84 ஆகிவிட்டது. தான் இளவயதில் எழுதிய ஒரு கட்டுரையை, தலைப்பு மறந்துபோய், ஒரே ஒரு சொல்லை மட்டும் வைத்துத் தேடச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறை போகும்போதும் 'கிடைத்ததா?' என்று கேட்கிறார். போன வாரம் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் 'சமம் இல்லை' என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு நேரக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 45 வாட் ஹெச் சிப் உள்ளதுதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஐ7-12700ஹெச் கொடுத்தால் பழையதை விட எவ்வளவோ மேல், அதை எதிர்பார்க்கவில்லை. ஐ5-12450ஹெச் கொடுத்தாலே போதும், நாலு முழு கோரும் நாலு சின்ன கோரும் இருக்கிறது. ஐ7-க்குப் பதில் அதற்குக் கீழே உள்ள ஐ5 கேட்கிறானே என்று அவர்கள் குழம்பக்கூடும், அதனால் அந்தப் பத்தியை மட்டும் மூன்று முறை திருத்தினேன்.

கடிதத்தின் நகலை இதோடு அனுப்புகிறேன். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் படித்துப் பார்த்து, கணக்கில் எங்கேயாவது தப்பு இருந்தால் சொல். இரவு எத்தனை மணியானாலும் போன் செய், விழித்திருப்பேன்.

அன்புடன்,
குமார்