பெயர் வெட்டும் அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டிய மழையும் தாமிரபரணி வெள்ளமும் என்ன செய்தன என்று நெல்லைச் சீமையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றங்கரைத் தாவரத் தோட்டம் இன்று பச்சையாக நிற்கிறது என்றால் அது உங்களால்தான். டிராக்டரை மரத்தடிக்குள் விட்டால் ஈரமண் இறுகி வேருக்குக் காற்றுப் போகாது என்று, வரப்போடு நிறுத்திவிட்டு வண்டலைக் கூடையில் சுமந்த வாழை விவசாயிகள், பட்டை அழுகாதபடி அடிமரத்தைச் சுற்றிப் பழைய மண்மட்டம் வரை கையாலேயே தோண்டிய கல்லூரிப் பிள்ளைகள், சோறு பொங்கிப் போட்ட பக்கத்துத் தெரு அக்காமார், எல்லாருக்கும் எங்கள் கும்பிடு.

பாத்திரக்கடை வாசலில் பெயர் வெட்டுகிற அண்ணாச்சிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மரங்கள் பிழைத்தன, பெயர்ப்பலகைகள் போய்விட்டன. பெயரும் பதிவு எண்ணும் இல்லாத தாவரத் தோட்டம் வெறும் தோப்பு. தான்றியும் கடுக்காயும் ஒரே பேரினம். இலை உதிர்ந்த கன்றுகளைப் பிரித்துச் சொல்வது பழகிய கண்ணுக்கே சிரமம். நல்லவேளை, பதிவேடு தப்பியிருந்தது.

பொங்கல்படிப் பானைகளுக்குப் பெயர் வெட்டக் கூட்டம் நிற்கிற நேரம் அது. அண்ணாச்சி கடை சாத்தியபிறகு உட்கார்ந்து, பழைய எவர்சில்வர் தட்டுகளை நறுக்கி, ஓரத்தை அரத்தால் மழுக்கி, தமிழ்ப்பெயர், லத்தீன் பெயர், குடும்பம், பதிவு எண், நட்ட ஆண்டு என்று வெட்டினார். பெயிண்ட் வெயிலில் உரியும். வெட்டிய எழுத்தில் சேறு படிந்தாலும் துடைத்தால் தெரியும். ஐந்தாவது வரி முடிந்ததும், "பாத்திரம்னா யாரு குடுத்ததுன்னு கீழ போடுவோம். இது எங்கெயிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். அதிலிருந்து ஒவ்வொரு தகட்டிலும் விதை வந்த ஊரும் ஏறிவிட்டது: களக்காடு, பாபநாசம், சேரன்மகாதேவி. ஒரு தாவரத்தைப் பற்றி ஆராய்கிறவருக்கு முதலில் தேவைப்படும் தகவல் அது. கூலி வாங்கவே இல்லை.

தகடுகளை ஆணி அடித்து மாட்டவில்லை. ஆணியைப் பட்டை விழுங்கிவிடும். எவர்சில்வர் கம்பியைப் பென்சிலில் சுற்றிச் சுருளாக்கி, தளர்வாகக் கட்டியிருக்கிறோம். மரம் பருக்கப் பருக்கச் சுருள் விரியும். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் தளர்த்துவோம், பதிவேட்டின் நகலை மேட்டுத்தெரு வீடொன்றில் வைப்போம். இது அண்ணாச்சிக்கு நாங்கள் தரும் வாக்கு.

தோட்டம் பார்க்க வருகிறவர்கள் தகட்டை இழுத்துப் பார்க்க வேண்டாம். விதை தர நினைப்பவர்கள் பாலித்தீன் பையில் கட்டாமல் காகிதப் பொட்டலத்தில், தாய்மரம் நிற்கும் இடத்தையும் மாதத்தையும் எழுதிக் கொடுங்கள். இலுப்பை விதை சீக்கிரம் முளைப்புத்திறன் இழந்துவிடும், பொறுக்கிய கையோடு கொண்டுவாருங்கள்.