‘நாளைக்கு’ என்றொரு கோப்பு: பழைய விளையாட்டுகளின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. விளையாட்டின் பெயரையும் எழுதவில்லை, எழுதினால் நீங்கள் யார் என்பது தெரிந்துவிடும். கடிதம் யாருக்கு என்று உங்களுக்கே தெரியும். போன மாதம் உங்கள் லாஞ்சருக்கு, அதாவது விளையாட்டைத் திறந்துவிடும் மென்பொருளுக்கு, வந்த அப்டேட் நான் காசு கொடுத்து வாங்கிய பழைய விளையாட்டைத் திறக்கவே முடியாமல் செய்துவிட்டது என்பதும் தெரியும். என்னைப் போல எத்தனை பேர் எழுதியிருக்கிறார்களோ, அதுவும் உங்களுக்குத்தான் வெளிச்சம். எனவே முன்கதையை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. வேலை முடிந்து வந்தால் அரை மணி நேரம், விடுமுறை என்றால் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். தரவரிசையில் என் பெயர் எங்கும் இருக்காது. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற விளையாட்டை அது தரும் அறுபது நிமிடக் கெடுவுக்குள் ஒரு தடவைகூட முடித்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அதில் வரும் பையன் ஓடுவதையும் விளிம்பைப் பிடித்துத் தொங்குவதையும் பார்ப்பதே போதும். அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டுப் படமெடுத்து, அந்த அசைவை ஒவ்வொரு கட்டமாகக் கணினியில் வரைந்தார். 1989இல் வந்தது. இன்றைக்கும் அந்த ஓட்டத்தில் ஒரு மனித உடம்பின் பாரம் தெரிகிறது.

எனக்குப் பிடித்தவை பெரும்பாலும் சின்ன விளையாட்டுகள். நண்பர்களிடம் சொன்னால் “அப்படி ஒன்று இருந்ததா?” என்று கேட்கும் ரகம். 1982இல் வந்த பாராட்ரூப்பரில் திரையின் நடுவே ஒரு பீரங்கி, மேலே ஹெலிகாப்டர்கள், அவற்றிலிருந்து குதிக்கும் வீரர்கள், வேறொன்றும் கிடையாது. சுடும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி குறையும், அதனால் கண்டபடி சுட முடியாது. ஒரு பக்கத்தில் நான்கு பேர் தரையிறங்கிவிட்டால் ஒருவர்மேல் ஒருவர் ஏறி வந்து பீரங்கியைத் தகர்த்துவிடுவார்கள். ஜெயிக்க வழியே கிடையாது. எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தோம் என்பதுதான் கணக்கு. அலுவலகத்திலிருந்து திரும்பி வருபவனுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு வேறென்ன இருக்கிறது?

1991இல் வந்த ஸ்கீஃப்ரீயும் அப்படித்தான். பனியில் சறுக்கிக்கொண்டு நிம்மதியாகப் போவோம். திடீரென்று எங்கிருந்தோ ஒரு பனிமனிதப் பூதம் ஓடி வந்து நம்மைத் தின்றுவிடும். எஃப் விசையை அழுத்தினால் வேகம் கூடும், பூதத்திடமிருந்து தப்பலாம் என்பது எனக்குத் தெரியவந்தபோது பல வருடங்கள் போயிருந்தன. 1996இல் வந்த நெவர்ஹுட்டுக்காக டன் கணக்கில் களிமண்ணைப் பிசைந்து ஓர் உலகத்தையே கட்டினார்கள். அதில் சில இடங்களில் விரல் ரேகை தெரியும். அந்த ரேகைக்காகவே நான் அதைத் திரும்பத் திரும்பத் திறப்பேன்.

உங்களிடம் நான் வாங்கியதும் இந்த ஜாதிதான். தொண்ணூறுகளில் மூன்று ஃப்ளாப்பிகளில் வந்த விளையாட்டு. ஒரு தீவு, கொஞ்சம் மலை, ஒரு துறைமுகம். தண்டவாளம் போட்டுச் சரக்கு ஏற்றி இறக்க வேண்டும். எதிரி கிடையாது, அவசரம் கிடையாது. மழை பெய்தால் வடக்குச் சுரங்கத்திலிருந்து வரும் ரயில் மட்டும் தாமதமாகும். அந்தத் தாமதத்தை ரசிப்பதற்கென்று உலகத்தில் ஒரு சிலர்தான் இருப்போம், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு சிலருக்காகத்தானே ஐயா நீங்கள் அதை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தீர்கள்?

அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து விளையாட்டு என்பதால், ஆட்டத்தை விட்ட இடத்தில் சேமிக்கும் சேவ் கோப்பின் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. ‘நாளைக்கு’ என்று பெயர் வைக்க நினைத்தேன். ஆங்கில எழுத்தில் முறையாக எழுதினால் ஒன்பது வந்தது. ஒரு ‘கே’யைக் கழித்துவிட்டு எட்டில் அடக்கினேன். நான்கு வருடமாக ஒரே கோப்பு, ஒரே தீவு. ஒவ்வொரு இரவும் அதன்மேலேயே சேமித்துவிட்டுப் படுக்கப் போவேன். கடைசியாக நிறுத்தியபோது விளையாட்டுக்குள் 1987ஆம் ஆண்டு. தெற்கே ஆற்றுப் பாலத்தில் இரண்டு தூண்கள் பாக்கி. நிலக்கரி ஏற்றிய ரயில் ஒன்று பாலத்துக்கு இந்தப் பக்கம் சிக்னலில் காத்து நின்றது. பாலத்தை மறுநாள் முடித்துவிடலாம் என்று கணினியை அணைத்தேன்.

மறுநாள் உங்கள் லாஞ்சர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. பழைய கணக்குகள் புதிய சேவைக்கு மாற்றப்பட்டுவிட்டன, உங்கள் மின்னஞ்சலுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம், அதை இடுங்கள் என்றது. எண் வந்தது, இட்டேன். கணக்கை இணைப்பதற்கான காலம் முடிந்துவிட்டது என்று அடுத்த பெட்டி சொன்னது. அப்படியென்றால் எண்ணை எதற்கு அனுப்பினீர்கள்? மூன்று நாள் முயன்றேன். மூன்று நாளும் ஒழுங்காக ஆறு இலக்க எண் வந்தது. மூன்று நாளும் காலம் முடிந்திருந்தது.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. விளையாட்டு என் கணினியில்தான் இருக்கிறது. ஃபோல்டரைத் திறந்தால் ‘நாளைக்கு’ கோப்பு கண்ணுக்குத் தெரிகிறது. நாற்பது கிலோபைட்கூட இல்லை. பக்கத்திலேயே நான் கடைசியாகச் சேமித்த இரவின் தேதியும் நேரமும் இருக்கின்றன: 11.42. அதை இரண்டு முறை தட்டினால் விளையாட்டு திறக்காது, உங்கள் லாஞ்சர் எழுந்து வந்து நீங்கள் யார் என்று கேட்கும். விளையாட்டின் மொத்த எடை நான்கு மெகாபைட். அதன் வாசலில் உட்கார்ந்து ஆளைச் சோதிக்கும் லாஞ்சர் நானூறு மெகாபைட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலி வாங்கியவர் சுண்டைக்காயையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் சப்போர்ட் பிரிவுக்கு எழுதினேன். முதல் பதிலில் இணைய இணைப்பைச் சரிபார்க்கச் சொன்னார்கள். தனியாக ஒருவன் தீவில் ரயில் விடுவதற்கு இணையம் எதற்கு என்று கேட்டேன். இரண்டாவது பதிலில் இந்தத் தயாரிப்புக்கு இனி ஆதரவு இல்லை என்றும், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றும் எழுதி, உங்கள் புதிய வெளியீட்டுக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பனும் இணைத்திருந்தார்கள். வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் உங்களுக்குப் பிடிக்காத ஒரு வீடு மலிவாக வருகிறது என்பது போல.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வாங்கியவர்களுக்கு அந்த விளையாட்டை லாகின் இல்லாமல், இணையம் இல்லாமல், தானாகத் திறக்கும் கோப்பாகக் கொடுங்கள். புதிதாக எதுவும் செய்து தர வேண்டாம். உங்கள் லாஞ்சர் உள்ளே இயக்குவது, டாஸ் விளையாட்டுகளைப் புதிய கணினியில் ஓடவைக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைத்தான் என்று ஃபோல்டரைப் பார்த்தாலே தெரிகிறது. அதை 2002 முதல் ஆர்வலர்கள் இலவசமாகவே கொடுத்துவருகிறார்கள். நீங்கள் சேர்த்தது அந்தப் பூட்டு மட்டும்தான். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்பச் சிக்கல் என்று யாராவது சொன்னால் நான் காது கொடுத்துக் கேட்பவன். விண்டோஸில் இருந்த ஸ்பேஸ் கேடட் பின்பால் என்ற பந்து விளையாட்டு விண்டோஸ் எக்ஸ்பியோடு காணாமல் போனதற்குக் காரணம் சொன்னார்கள். 64 பிட் விண்டோஸுக்கு மாற்றும்போது பந்து எதிலும் மோதாமல் ஊடுருவிக் கீழே விழுந்ததாம், யாரோ எழுதிய பழைய நிரலில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். சரி, புரிகிறது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, சிடியைச் சோதிக்கும் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு வேலை செய்யாமல் போனது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது என்றார்கள். அதுவும் புரிகிறது. அன்றைக்கு என் அலமாரியில் இருந்த சிடிகள் சில வெறும் தட்டுகளாகிவிட்டன. அதற்குப் பிறகுதான், சிடி வேண்டாம், டிஜிட்டலாக வாங்கினால் காலத்துக்கும் இருக்கும் என்ற உங்கள் விளம்பரத்தை நம்பி உங்களிடம் வந்தேன். என் விளையாட்டில் பந்து எதையும் ஊடுருவவில்லை. போன மாதம்வரை நன்றாக ஓடியது.

பூட்டே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில்கூட பூட்டு இருந்தது. முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை நிறையக் குப்பிகள் இருக்கும். கையேட்டில் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல்லின் முதலெழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று சொல்லும். தப்பாகக் குடித்தால் விஷம். கையேடு தொலைந்தவன் பாடு திண்டாட்டம்தான். ஆனால் அந்தக் கையேடு என் கையில் இருந்தது. கம்பெனி கடையை மூடினாலும் பதினோராம் பக்கம் பதினோராம் பக்கமாகவே இருக்கும். உங்கள் கையேடு உங்கள் சர்வரில் இருக்கிறது. சர்வரை நிறுத்திவிட்டுப் பக்க எண் கேட்கிறீர்கள்.

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மிச்சமிருக்கும் 13இல் ஒன்று என்னிடம் இருக்கிறதே என்று அன்றைக்கு எனக்கு ஒரு சின்னப் பெருமை. அதையும் தீர்த்துவைத்தீர்கள், நன்றி.

மற்ற உரிமையாளர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். 1993இல் வந்த டூம் என்ற துப்பாக்கி விளையாட்டின் நிரலை நான்கே வருடத்தில், 1997இல், எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அதனால் டூம் அழிந்துபோகவில்லை, திரை இருக்கிற கருவியிலெல்லாம் யாராவது அதை ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். மெக்னர் எழுதிய பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் மூல நிரல் தொலைந்துவிட்டது என்றிருந்தபோது, 2012இல் அவர் அப்பா ஒரு பெட்டியில் பழைய ஃப்ளாப்பிகளைக் கண்டெடுத்தார். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, மீட்டெடுத்த நிரலை மெக்னர் பொதுவில் போட்டுவிட்டார். அப்பாக்கள் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நிறுவனங்கள்தான் தொலைக்கின்றன. இன்னொரு பக்கம், சிப்ஸ் சேலஞ்ச் புதிர் விளையாட்டின் இரண்டாம் பாகம் உரிமைத் தகராறில் பல வருடம் பெட்டிக்குள் கிடந்து, 2015இல்தான் வெளியே வந்தது. அது வரும் என்று காத்திருந்த சிறுவர்கள் அதற்குள் நடுவயதுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

பேச ஆரம்பித்தால் இப்படித்தான் எங்கெங்கோ போகிறது. இன்றைய விளையாட்டுகளில் ஒரு குதிரைக்குப் புதுச் சேணம் வேண்டுமென்றால் தனியாகக் காசு, தினமும் வந்து தலைகாட்டினால் ஒரு பரிசுப் பெட்டி, ஒரு நாள் தவறினால் உங்களைக் காணோமே என்று ஒரு நோட்டிஃபிகேஷன். விளையாட்டா, வருகைப் பதிவேடா? பழையதை மெருகேற்றுகிறேன் என்று புது வடிவம் விடுகிறீர்கள், விட்ட கையோடு பழையதைக் கடையிலிருந்து இறக்கிவிடுகிறீர்கள். புதியதில் மழைத்துளி ஒவ்வொன்றும் மின்னுகிறது. ரயில் மட்டும் தாமதமாவதில்லை. “வாங்கு” என்று பெரிய எழுத்தில் பொத்தான் வைத்துவிட்டு, நீங்கள் வாங்கியது பொருளை அல்ல, அனுமதியை என்று பதினெட்டாம் பத்தியில் கொசு எழுத்தில் எழுதுகிறீர்கள். கலிஃபோர்னியாவில் 2025 முதல் இதற்கு ஒரு சட்டமே நடைமுறையில் இருக்கிறது. தருவது உரிமம்தான் என்பதை வாங்கும்போதே பளிச்சென்று சொல்ல வேண்டும். ஆனால் இணையம் இல்லாமல் என்றைக்கும் பயன்படுத்தும்படி தரவிறக்கிக்கொள்ளக் கொடுத்துவிட்டால் அந்த எச்சரிக்கையே தேவையில்லை. பாருங்கள், நான் கேட்பதைச் செய்தால் உங்களுக்கும் எழுத ஒரு வரி மிச்சம்.

கோபத்தில் சில வார்த்தைகள் கூடுதலாக விழுந்திருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். மறந்துபோன ஒரு தீவைத் தேடிப்பிடித்து மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது நீங்கள்தான், அதை மறக்கவில்லை. அதைத் தேர்ந்தெடுத்தவர் உங்கள் அலுவலகத்தில் இன்னும் வேலை பார்த்தால் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள். மழையில் தாமதமாகும் வடக்குச் சுரங்க ரயில் என்றால் அவருக்குப் புரியும்.

இணையத்தில் தேடினால் பூட்டை உடைத்த பிரதி கிடைக்கும் என்று நண்பர் சொன்னார். கிடைக்கும்தான். நான் இன்னும் தேடவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளை எதற்குத் திருட வேண்டும் என்ற வீம்புதான் காரணம். அந்த வீம்பு எத்தனை நாள் தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

எனவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். வாங்கியவர்களுக்கு அந்த விளையாட்டை லாகின் இல்லாமல், இணையம் இல்லாமல், தானாகத் திறக்கும் கோப்பாகக் கொடுத்துவிடுங்கள். கூப்பன் வேண்டாம், திருப்பி அனுப்பிவிட்டேன். பாலத்துக்கு இரண்டு தூண்தான் பாக்கி.

இப்படிக்கு,
‘நாளைக்கு’ கோப்பின் சொந்தக்காரன்