எலூண்டாவும் சுங்கை பூலோவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறையில் மகளும் மருமகனும் என்னைக் கிரீஸின் கிரீட் தீவுக்கு அழைத்துப் போனார்கள். எலூண்டா என்ற கடலோரக் கிராமத்தில் தங்கினோம். தெளிந்த கடல், ஆலிவ் மரங்கள், படகுத்துறையை ஒட்டிச் சாப்பாட்டுக் கடைகள். சுட்ட மீனில் எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். சம்பல் பழகிய நாக்குக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது.

அங்கிருந்து படகில் ஸ்பினலோங்கா தீவுக்குப் போகலாம். வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டை. 1903 முதல் 1957 வரை தொழுநோயாளிகளை அங்கேதான் ஒதுக்கி வைத்தார்கள். அவர்கள் நடந்த தெரு, குடியிருந்த வீடுகள், கல்லறை எல்லாவற்றையும் இன்று உலகமே வந்து பார்க்கிறது.

எனக்கோ, எங்கள் தோட்டத்திலிருந்து, கோலாலம்பூருக்கு அருகே சுங்கை பூலோவில் உள்ள தொழுநோயாளிகள் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட பெரிய மாமாவின் நினைவுதான். 1930இல் திறந்த அந்தக் குடியிருப்புக்கு நம்மில் பலர் பூச்செடி வாங்க மட்டுமே போகிறோம். மனம் பொறுக்கவில்லை, ஐயா.

தமிழ்ப்பள்ளிகள் மாணவர்களை அங்கே அழைத்துப் போக வேண்டும். அங்கு வாழ்ந்த தமிழர்களின் கதைகளை, சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே, உங்கள் ஞாயிறு பதிப்பில் தொடராக வெளியிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்