வெற்றிடம் எப்படி இடியும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹிக்ஸ் துகளால் வெற்றிடம் இடிந்து அண்டம் அழியும், துகள்களை மோதவிடும் முடுக்கி இயந்திரத்தாலும் அந்த ஆபத்து உண்டு என்று தங்கள் நாளிதழில் ஞாயிறன்று வந்த செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் டூ மாணவி வந்தாள். "வெற்றிடம் என்றால் ஒன்றுமே இல்லாத இடம்தானே சார், அது எப்படி இடியும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்தச் செய்தியை எழுதியவரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அடி உள்பக்கமாகப் புடைத்த பழைய ஊறுகாய் பாட்டில் ஒன்று வீட்டில் உண்டு. அந்த மேட்டின் உச்சியில் ஸ்பூனால் ஒரு கடுகை வைக்கச் சொன்னேன். மூன்று முறை வைத்தாள். மூன்று முறையும் வெவ்வேறு பக்கம் உருண்டு ஓரப் பள்ளத்தில் போய் நின்றது. பாட்டிலுக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான். கடுகுதான் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. சமச்சீர் தானாக முறிவது இதுதான். இயற்பியலாளர் யோய்ச்சிரோ நம்பு துகள் இயற்பியலுக்குக் கொண்டுவந்த இந்தக் கருத்தைக் கொண்டுதான் 1964-ல் பீட்டர் ஹிக்ஸ், ராபர்ட் ப்ரௌட், பிரான்சுவா ஆங்லேர் உள்ளிட்டோர் துகள்களுக்கு நிறை வரும் வழியைக் கண்டார்கள்.

கடுகு பள்ளத்தில் நிற்பது போன்ற, ஆற்றல் குறைந்த நிலையைத்தான் இயற்பியலில் வெற்றிடம் என்கிறோம். அங்கே ஹிக்ஸ் புலம் சுழியம் அல்ல (அந்தப் புலத்தின் அதிர்வுதான் ஹிக்ஸ் துகள்). 246 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் அளக்கும் அலகு) அளவில் எங்கும் நிறைந்திருக்கிறது. எலக்ட்ரானின் நிறையே அதனால் வந்தது. தமிழ்ச் சொல்லைப் பார்த்துக் குழந்தை குழம்பியதில் வியப்பில்லை. ஒரு வரி விளக்கம் போட்டிருக்கலாம்.

2012 ஜூலை 4 அன்று ஐரோப்பியத் துகள் ஆய்வகமான செர்ன் அறிவித்த ஹிக்ஸ் துகளின் நிறை அதே அலகில் சுமார் 125, அடிப்படைத் துகள்களில் மிகவும் கனமான டாப் குவார்க்கின் நிறை சுமார் 173. புதிய துகள் எதுவும் குறுக்கிடாது என்று வைத்து இவற்றைக் கொண்டு கணக்கிட்டால், நாம் இருப்பதைவிட ஆழமான பள்ளம் ஒன்று இருக்கக்கூடும் என்று வருகிறது. அதில் போய் விழுவதைத்தான் வெற்றிடம் இடிவது என்கிறார்கள். இடையில் உயரமான மேடு. குவாண்டம் முறையில் அதைத் துளைத்துப் போக ஆகும் காலத்துக்கு முன், அண்டத்தின் வயதான 1380 கோடி ஆண்டு ஒரு நொடிகூட இல்லை. செய்தியில் இது எங்கும் இல்லை.

முடுக்கியால் ஆபத்து என்று செய்தி சொன்னதும் தவறு. அங்கு நடப்பதைவிடப் பன்மடங்கு ஆற்றல் கொண்ட மோதல்களை விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காலங்காலமாக நடத்தி வருகின்றன. அப்படியும் வெற்றிடம் இடியவில்லை. வானியற்பியலாளர்கள் பியட் ஹட்டும் மார்ட்டின் ரீஸும் 1983-லேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

அந்தப் பெண் இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை என்றாள். திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். கத்தரித்து அவளிடம் கொடுக்கிறேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தென்காசி.