எல்லாருக்கும்தான் எடுக்கிற

அன்பின் வசந்தி,

சுகமா இருக்கியாடி? அங்க ஸ்னோ கொட்டுதெண்டு சொல்லுறாய், இஞ்ச மட்டக்களப்பு வெயிலுக்கு ஸ்கூட்டி சீட்டில குந்த ஒண்ணா. எச்ஐவி வேலையெல்லாம் இப்ப எப்படியெண்டு கேட்டாயே, ஒரு கதை சொல்லுறன்.

போன மாசம் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்கு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் புள்ள ஒண்டு வந்தா, தலைப்புள்ள, புருசன் கட்டார்ல இருந்து லீவில வந்து போனவன். நான் ரத்தக் குழாயில பேர் எழுதுறன், பின்னால நிண்ட மாமி "எயிட்ஸ் சோதனையாமே, என்ட மகன் அப்படிப்பட்டவனில்ல" எண்டு சத்தம் போட்டா பாரு, வாங்கில இருந்த அத்தன பேரும் திரும்பிட்டாங்க. எல்லாருக்கும்தான் எடுக்கிற அம்மா, டொக்டர்ர பொஞ்சாதி வந்தாலும் எடுப்பம், சிபிலிஸ் எண்ட பால்வினை நோய்க்கும் சேத்துத்தான் பாக்கிறண்டு சொன்னன். மறுகா மனிசி மெல்லக் கேட்டா, இருந்தா என்ன செய்யிறண்டு. மருந்தே இல்லாட்டி நூறு தாய்மாரில 15 இல இருந்து 45 பேர்ர புள்ளையளுக்குத் தொத்தும், தாய் ஒழுங்கா குளிசை குடிச்சு பிறந்த புள்ளைக்கும் மருந்து குடுத்தா 5க்குக் கீழ வந்திரும் எண்டு விளங்கப்படுத்தினன்.

தாயிட்ட இருந்து புள்ளைக்குத் தொத்துறத ஒழிச்ச நாடெண்டு 2019ல உலக சுகாதார ஸ்தாபனம் நமக்குச் சொல்லிச்சுதே, ஆசியாவில தாய்லாந்து 2016லயே அந்தப் பேர எடுத்திட்டு. நம்மளப் போல வீடு வீடாத் திரிஞ்சவள்களுக்கும் அதில பங்கிருக்கு, எவன் சொல்லப்போறான்!

ஆனா அதே 2019ல பாகிஸ்தான் ரத்தோதேரோவில நூத்துக்கணக்கான சின்னப் புள்ளையளுக்கு எச்ஐவி, கன பேர்ர தாய்மாருக்கு இல்லவே இல்ல, பாவிச்ச ஊசியையே திருப்பித் திருப்பிக் குத்தினதால வந்த வினை. காய்ச்சலெண்டு கூட்டிப் போன புள்ளையளடி. அத வாசிச்ச நாளில இருந்து குத்தின ஊசி கழிவுப் பெட்டிக்குள்ள விழுற சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி.

இப்ப எச்ஐவி தொத்தாமத் தடுக்க லெனகாபவிர் எண்டு ஒரு ஊசி, வருசத்துக்கு ரெண்டே தரம், 2024ல ஆபிரிக்காவில 2000க்கு மேல பொம்பிளையளுக்குப் போட்டுப் பாத்து ஒருத்திக்கும் தொத்தேல்லயாம். விலைதான் நம்ம பக்கம் எப்ப இறங்குமோ.

அந்த மாமி ரிப்போட் கேட்டுத் தனிய வந்தா. மருமகள்ற ரிப்போட்ட மருமகள்ற கையிலதான் தருவண்டு சொல்லிட்டன். முகத்த நீட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் வாங்கில இருந்தா, வெத்திலப் பையக்கூடத் திறக்கேல்ல.

உன்ட மகள் முழுகாம இருக்காளெண்டாயே, அங்கயும் இந்த ரத்தம் எடுக்கிறதா? சம்மந்தி சண்டைக்கு வந்தாவா? எழுதுடி.

உன்ட பழைய கூட்டாளி,
ராணி